நான் திருத்திய முகவரி

அந்தப் பெண்ணின் முகவரியை வெளியே சொன்னவன் நான்தான்.

வேறு யாரும் இல்லை. ரிசப்ஷனில் இருந்த அக்கா இல்லை. கம்ப்யூட்டருக்குள் புகுந்த திருடன் எவனும் இல்லை. நோயாளிகளின் தகவலைப் பாதுகாக்கவென்றே ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு வைத்திருக்கிற நான்... பட்டப்பகலில், சிரித்த முகத்தோடு, என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்!

இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்கள் சபையில் தனியாக உட்கார்ந்து பாவத்தைக் கேட்டுக்கொள்ள ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் பொதுவாக அறிக்கையிடுவோம். அந்தப் பெரிய சத்தத்துக்குள் என் குரலை ஒளித்துக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது. இப்போது அந்த வரிகள் வரும்போது எனக்கு நாக்கு புரள்வதில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

ஆனால் அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாதே! நல்லவராகத்தான் இருப்பீர்கள்...

அவரும் நல்லவராகத்தான் தெரிந்தார்.

நான் பசுமலைக்காரன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். இப்போது ஓய்வில் இருக்கிறார். நான் படித்தது கம்ப்யூட்டர். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பறந்தபோது நான் மதுரையிலேயே நின்றுகொண்டேன். பிரசவத்துக்குப் பேர் வாங்கிய ஓர் ஆஸ்பத்திரி, உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் மேலூர்ப் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்து காத்துக் கிடக்கும் கூட்டம், அத்தனை பேருடைய அந்தரங்கமும் ஒரு கம்ப்யூட்டருக்குள். அதற்குக் காவல் இருக்கும் வேலை எனக்கு! தகவல் பாதுகாப்பு அலுவலர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. அந்த அட்டையைக் கழற்றாமலே டீ குடிக்கப் போவேன். அவ்வளவு பெருமை.

சேர்ந்த புதிதில் பார்த்ததெல்லாம் எனக்குத் திகிலாக இருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போகும். அந்தக் குரூப்பில் யாருடைய மச்சினனோ இருப்பான். ரிசப்ஷனில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே லாகின். அதன் பாஸ்வேர்டு கேன்டீன் மாஸ்டருக்கும் தெரியும்.

விடுவேனா நான்? ஆளுக்கொரு லாகின் கொடுத்தேன். எழுந்து போகும்போது லாகினை மூடிவிட்டுப் போகவேண்டும் என்று சட்டம் போட்டேன். கேமராவில் கம்ப்யூட்டர் திரை விழுந்தால் நோயாளியின் விவரம் பதிவாகிவிடுமே என்று, மேசைக்கு மேலிருந்த கேமராவை வெளிப்பக்கம் திருப்பிவைத்தேன். மாதம் ஒருமுறை கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுப்பேன்.

"ஊர் பேரச் சொல்லுவாங்க. முறை வெச்சுக் கூப்பிடுவாங்க. அழுவாங்க. எல்லாமே தூண்டில்! ஆள் யாருன்னு உறுதி பண்ணாம வாயத் திறக்கக் கூடாது!"

ரிசப்ஷன் அக்கா ஒருவர் உண்டு. மகேஸ் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல. எனக்குத் 'தகவல் தம்பி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். வகுப்பில் கையைத் தூக்குவார்.

"தகவல் தம்பி, எங்க வீட்டுக்காரரு போன் பண்ணி 'மகேசு'ன்னு கூப்பிட்டாக்கூட ஆதார் கார்டு கேக்கணுமா?"

"கேக்கணும்க்கா!"

"கேட்ருவேன். 'யார்ரா அந்தத் தம்பி'ன்னு அந்த மனுசன் இங்க வந்து நிப்பாரு. வந்தா உங்க அட்ரசத்தான் குடுப்பேன்."

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல காலம் அது... எனக்கு.

அடுத்து முகவரிகளில் கைவைத்தேன். பதிவுகளில் பாதி முகவரி குப்பை. தெரு இருக்கும், ஊர் இருக்காது. ஊருக்கும் பின்கோடுக்கும் சம்பந்தம் இருக்காது. தப்பான தகவலைப் பூட்டிவைத்து என்ன பயன்? பொருந்தாத முகவரிகளைத் தானாகப் பொறுக்கியெடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதில் சிக்கியவர்கள் செக்கப்புக்கு வரும்போது, நானே ரிசப்ஷனுக்கு இறங்கிப் போய்க் கேட்டுத் திருத்தினேன். யாரும் என்னிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. துடிப்பு... அப்படித்தான் அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அவளை அப்படித்தான் பார்த்தேன்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தெருவைச் சொல்லியிருந்தாள். அந்தப் பெயரில் அங்கே தெருவே கிடையாது. புருஷனோடு வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் என் வயசுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு குறைவு. "இம்புட்டு நாளா இல்லாத தெருவுல குடியிருந்திருக்கீங்களே!" என்று கேலியாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சுவரில் நான் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'உங்கள் தகவல் எங்களிடம் பத்திரம்.' பூட்டுப் படம் போட்டு, நீல நிறத்தில், நானே வடிவமைத்தது.

"சார், இதுல எழுதியிருக்கது நெசமா?"

"நெசந்தாங்க. எழுதுனதே நான்தான்."

"யாரு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டீங்களா?"

"யாரு வந்து கேட்டாலும்."

அவன் அவள் கையை மெல்ல அழுத்தினான். வேண்டாம் என்பதுபோல. அவள் அவனிடம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "திடீர்னு வலி வந்து ஆம்புலன்சக் கூப்பிட்டா, இல்லாத வீட்டுக்கு அது எப்புடி வரும்?"

பிறகு செல்லூரில் ஒரு சந்தின் பெயரையும், தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மாடிவீட்டையும் சொன்னாள். நான் தட்டச்சு செய்தேன். திரையில் சிவப்பாக இருந்த கட்டம் பச்சையானது. எவ்வளவு திருப்தி எனக்கு! அந்தப் பொய் முகவரிதான் அவள் தன் கதவுக்குப் போட்டிருந்த பூட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லையே... ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கேட்கவில்லை. என் கண்ணெல்லாம் அந்தப் பச்சை மேல் இருந்தது.

இனி அந்த மத்தியானம். இதை எழுதத்தான் கை வரவில்லை.

ரிசப்ஷனில் கூட்டம் வடிந்திருந்தது. ஏதோ வேலையாக இறங்கி வந்தேன். மகேஸ் அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, ஒரு வாய் சாப்ட்டு வாரேன். செத்த ஒக்காந்துக்கங்க." பிறகு கீபோர்டைத் தொட்டு, "என் லாகின மூடிட்டுப் போகட்டா? ஒங்க சட்டமாச்சே."

"இருக்கட்டும்க்கா. நான்தான இருக்கேன்."

நான்தான் சொன்னேன். கேட்டீர்களா? நான்தான இருக்கேன்!

அவர் போனதும் அந்த மனிதர் வந்தார். வெள்ளை வேட்டி. நரைத்த மீசை. கையில் மஞ்சப்பை. மேசைக்கு எட்டத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"தம்பி, ஒரு ஒத்தாசைய்யா. எங்கக்கா மக இங்கதான் வந்து காட்டுதாம். எங்கூருப் பொம்பள ஒருத்தி பாத்துட்டு வந்து சொன்னா. மாசம் ஏழாச்சு. தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கயில, புள்ளத்தாச்சி வெறுங்கையோட இருந்தா நல்லாவா இருக்கு?"

பையை விரித்துக் காட்டினார். செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடி வளையல்கள். பச்சையும் சிவப்பும்.

"அவங்ககிட்டயே விலாசத்தக் கேட்டுக்கங்களேன்யா."

"அது எங்ககூடப் பேச்சுவார்த்த இல்ல தம்பி. சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணம் முடிச்சுக்கிருச்சு. எங்கக்கா படுத்த படுக்கையாயிருச்சு. போனது போகட்டும், வளையலப் போட்டு மனச ஆத்திட்டு வருவோம்னு நாந்தான் கெளம்பி வந்தேன்."

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். இந்த மதுரை மண்ணில் பிறந்தவர்களுக்கு, சொல்லாமல் கல்யாணம் முடித்த பெண்ணைத் தேடி வரும் ஆட்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எனக்கும் உறைத்தது. உறைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

"விலாசமெல்லாம் சொல்லக் கூடாதுய்யா. சட்டம் அப்படி."

"இருக்கத்தான்யா வேணும். சட்டம் இல்லாட்டி எப்புடி?" என்றார். கொஞ்சமும் கோபம் இல்லை. என் கழுத்து அட்டையை உற்றுப் பார்த்தார். "தம்பி எந்த ஊரு?"

"பசுமலைங்கய்யா."

"அப்பா என்ன பண்றாக?"

"மிஷன் ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்தாங்க."

அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன்! "அட, கணக்கு வாத்தியாரு மகனா! எங்கூரு மிஷன் பள்ளிக்கூடத்துலயும் கொஞ்ச காலம் இருந்தாகய்யா. என் காதத் திருகித் திருகித்தான் வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தாக. பள்ளிக்கூடத்துக்கு வெளிய அவுக எனக்கு மச்சான் முறைன்னு வைங்க. எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு அவுக அண்ணன் முறை. அப்ப நீங்க எனக்கு மாப்ளயால்ல ஆகுறீக!"

அவர் சொன்ன ஊரில் அப்பா வேலை பார்த்தது உண்மை. வகுப்பில் நான் சொன்ன அத்தனை தூண்டிலும் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன... ஊர், முறை, கலங்கிய கண். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர், என்னை மாப்ள என்கிறார்!

ஆனாலும் நான் சும்மா கொடுத்துவிடவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சோதித்தேன்! அவர் அவளுக்குத் தாய்மாமன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். அவர் ஃபோனைத் தடவி ஒரு படத்தைக் காட்டினார். பழைய ஆல்பத்திலிருந்து எடுத்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குழந்தை, கறுத்த மீசைக்காரர் மடியில் உட்கார்ந்து காதுகுத்துக்கு அலறுகிறது. அதே மனிதர், இளமையாக. அடுத்த படம் சடங்கு வீட்டில். மாலையோடு நிற்கிற பெண் அவள்தான். பக்கத்தில் அவர். இந்தப் பக்கத்தில் எந்த ஆதாருக்கும் தாய்மாமன் மடி குறைந்ததா?

எல்லாம் உண்மை. அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் தவறான ஆளிடம் ஏமாறவில்லை... சரியான ஆளை, முறைப்படி சோதித்து, உறுதி செய்துகொண்டு கொடுத்தேன். நீ யார் என்று அவரிடம் கேட்டேன். இவரிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்கவில்லை. மகேஸ் அக்காவின் லாகினில் நான் திறந்த அவள் பக்கத்தில், அவள் ஃபோன் நம்பர் என் கண் முன்னால் இருந்தது! ஒரே ஓர் அழைப்பு...

டோக்கன் சீட்டின் பின்பக்கம் அந்தச் செல்லூர்ச் சந்தின் பெயரை எழுதினேன். தறிக்கூடத்துக்குப் பின்னால் என்று அடையாளமும் எழுதினேன். போதாதா? அடியில் என் ஃபோன் நம்பரையும் எழுதினேன். "வீடு தெரியலன்னா கூப்பிடுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லா இருக்கணும் மாப்ள."

"பாத்துப் போங்க மாமா" என்றேன்.

மகேஸ் அக்கா கையைத் துடைத்தபடி வந்தார். "யாரு தம்பி அது, கும்புட்டுட்டுப் போறாரு?"

"வழி கேட்டாருக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நிமிடம் வரை எந்தத் தீங்கும் நடந்திருக்கவில்லை. நல்ல காரியம் செய்ததாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? பிறகு ஏன் வாய் தானாகப் பொய் சொன்னது? அந்தக் கேள்வியிலிருந்து மட்டும் என்னால் தப்பவே முடியவில்லை. அந்த ஒரு பொய், எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று சொல்லிவிடுகிறது.

சில நாள் கழித்து அவன் வந்தான். அவள் புருஷன். தனியாக.

ரிசப்ஷனுக்கு வந்து யாரையும் கேட்கவில்லை. போஸ்டருக்கு முன்னால் போய் நின்று, எழுத்துக் கூட்டுவதுபோல நிதானமாக வாசித்தான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"சார், எங்க வீட்டு அட்ரசு இங்கருந்துதான் போயிருக்கு," என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வேற எங்கயும் நாங்க குடுக்கல. கேஸ் கனெக்சன்கூட ஓனர் பேர்ல."

அவள் வீட்டு ஆட்கள் இரண்டு வண்டியில் வந்திருக்கிறார்கள். அவள் அண்ணனும் இருந்திருக்கிறான். இவர்கள் நல்ல நேரத்துக்குக் கடைக்குப் போயிருக்கிறார்கள். கீழ்வீட்டு அம்மா ஃபோன் செய்து, வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். போட்ட துணியோடு அப்படியே போய்விட்டார்கள். மறுநாள் இவன் மட்டும் ஒளிந்து வந்து பார்த்திருக்கிறான்.

"கதவு ஒடஞ்சு கெடந்துச்சு சார். கொண்டியில ஒரு மஞ்சப்பை தொங்குச்சு. உள்ள வளையல் சார். கண்ணாடி வளையல். அம்புட்டையும் நொறுக்கிப் பையில போட்டு மாட்டிட்டுப் போயிருக்காங்க." என் முகத்தைப் பார்த்தான். "வளையல நொறுக்குனா என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா? அவளுக்கு இல்ல சார். அது எனக்குச் சொன்னது."

யாருக்கு வளையலை உடைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பச்சையும் சிவப்புமாகத்தானே இருந்தன என்று கேட்க வாயெடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போலீசுல..." என்றார் மகேஸ் அக்கா.

"அங்கயும் அவங்களுக்கு ஒரு மாமா இருப்பாருக்கா," என்றான் அவன். "யாரு சொன்னதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அடிக்க வரல. அவ கேக்குறா. 'அந்த சாரு சத்தியமாச் சொன்னாரே'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

எந்த சார் என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்கு என்னைப் பார்த்தவன்தான். மறந்திருப்பானா? அல்லது என் வாயிலிருந்தே வரட்டும் என்று நின்றானா? போஸ்டரை மறுபடி ஒருமுறை பார்த்தான். போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை.

பெரிய டாக்டரம்மாவுக்கு விஷயம் போனது. நேர்மையான மனுஷி. "வெளிய ஆளக் கூப்பிட வேண்டாம். உன்னவிடத் தெரிஞ்சவங்க யாரு? நீயே விசாரிச்சு ரிப்போர்ட் குடு," என்றார்.

விசாரித்தேன்! என்னை நானே!

பதிவில் தெளிவாக இருந்தது. அன்றைக்கு, அந்த நேரத்தில், அவள் பக்கத்தைத் திறந்தது மகேஸ் அக்காவின் லாகின். கேமராவைப் பார்த்தேன். நான்தான் அதைத் திருப்பிவைத்திருந்தேனே... மேசைக்கு உள்ளே இருப்பவர் தெரியவில்லை. பெரியவர் மட்டும் தெரிந்தார். செருப்பைக் கழற்றுகிறார், பையை விரிக்கிறார், சிரிக்கிறார். கடைசியில் மேசைக்கு மேலாக ஒரு கை நீண்டு சீட்டைக் கொடுக்கிறது. மணிக்கட்டு வரைதான். முழுக்கைச் சட்டையின் நுனி. என் கை. என் கைதான். ஆனால் அது யாருடையதோபோல இருந்தது.

கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து, அதன்மேல் புதிது பதிவாகும். அந்தக் கால அளவை நிர்ணயித்ததும் நான்தான். தேவைக்கு மேல் எதையும் வைத்திருக்கக் கூடாது என்பது நல்ல கொள்கை. தனியாக எடுத்துவைக்கச் சொன்னால்தான் அது நிற்கும். நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் யார் கூப்பிட்டாலும் திடுக்கிட்டுத் திரும்புவேன். என் முழுக்கைச் சட்டைகளைப் போடுவதை விட்டேன். பதிவு அழிந்த அன்று காலையில் ஆலயத்துக்குப் போனேன்... நன்றி சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா? எதற்கென்று தெரியாமலே முழங்காலில் நின்றேன்.

ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. 'முன்மேசை ஊழியரின் லாகின் மூலம் பக்கம் திறக்கப்பட்டுள்ளது. லாகின் மூடப்படாமல் விடப்பட்டிருக்கலாம்.' அவ்வளவும் உண்மை! உண்மையை மட்டும் வைத்து ஒரு மனுஷியைப் புதைத்துவிட முடிகிறது.

பெரிய டாக்டரம்மாவின் அறையில் மகேஸ் அக்காவை நிறுத்திக் கேட்டார்கள். நான் ஓரமாக நின்றேன்.

"நான் விலாசம் சொல்லல டாக்டர். எம் பிள்ளைக மேல சத்தியம்."

"ஒன் லாகின்ல போயிருக்கே மகேஸ்."

"சாப்பிடப் போகையில யாரையாச்சும் ஒக்கார வெச்சுட்டுப் போவேன். எல்லாரும் செய்யறதுதான்." ஒரு கணம் நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். பார்த்தார். "அன்னைக்கு யார ஒக்கார வெச்சேன்னு... ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லையா? வழி கேட்டதாக நான் சொன்னது, அந்தப் பெரியவர் கும்பிட்டுப் போனது... எதுவுமே ஞாபகம் இல்லையா? அல்லது, நீயே சொல் தம்பி என்று எனக்கு வாசலைத் திறந்துவிட்டு நின்றாரா? அந்த இடைவெளியில் ஒரு சொல் போதும். ஒரே சொல்! சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது என் அறை வாசலில் நின்றார்.

"வாரேன் தகவல் தம்பி. பாத்து இருங்க."

சும்மா சொன்னதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால், கோழை ஒருவனுடைய கதை என்று நீங்கள் காறித் துப்பிவிட்டுப் போகலாம். முடியவில்லை.

அந்தத் தாய்மாமன் எனக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்தார். நம்பர் நான் கொடுத்ததுதானே!

"மாப்ள, நல்லா இருக்கீகளா? அப்பா சௌக்கியமா? அந்தப் புள்ள வேற எங்கயோ போயிருச்சு மாப்ள. எந்த ஊரு ஆஸ்பத்திரியில காட்டுதோ. ஒங்களுக்கு எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஆளுக இருக்குமே. செத்த பாத்துச் சொல்லுங்க." அப்புறம் அதே பாசத்தோடு, "ஒங்க கையெழுத்து மணிமணியா இருக்கு மாப்ள. அப்பா எழுத்து அப்புடியே. சீட்டு எங்கிட்டயேதான் இருக்கு. யார்ட்டயும் காட்டல."

மிரட்டலா அது? குரலில் மிரட்டலே இல்லை. அதுதான் என் பயம். நம்பரைத் தடை செய்தால் நேரில் வந்து நிற்பார், செருப்பைக் கழற்றிவிட்டு. எடுத்துப் பேசினேன். தெரியாது மாமா என்றேன். அப்போது அது உண்மை.

பிறகு ஒரு நாள் ஒரு மெயில் வந்தது.

வேறோர் ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அவள் பெயர். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பிரசவம் நெருங்கிவிட்டது, முந்தைய பரிசோதனை விவரங்கள் உடனே வேண்டும். அவளே கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்திருந்தாள். யோசித்துப் பாருங்கள்! மறுபடியும் எங்களை நம்ப வேண்டிய கட்டாயம் அவளுக்கு. குழந்தைக்காக.

எல்லாவற்றையும் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் அந்த டாக்டரின் எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து, கூப்பிட்டு, உறுதி செய்துகொண்டேன். இந்த முறை எல்லாம் சரியாகச் செய்தேன். எந்த ஊருக்கு அனுப்பினோம் என்று பதிவில் குறிக்க வேண்டும். குறித்தேன்.

ஆக, அவள் எங்கே இருக்கிறாள் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

குழந்தை பிறந்திருக்கும். இந்நேரம் தவழ்ந்துகொண்டுகூட இருக்கும். அந்த ஊரைவிட்டுப் போயிருக்கவும் கூடும்... போயிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்படியானால் எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமே!

பெரிய டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டால் என்ன? மகேஸ் அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பல முறை அறை வாசல்வரை போயிருக்கிறேன். சொன்னால் மறுபடியும் விசாரணை வரும். வெளியாட்கள் வருவார்கள். அவள் பக்கத்தைத் திறப்பார்கள். கடைசி வரியில் அந்த ஊரின் பெயர் இருக்கிறது. எத்தனை கண் அதைப் பார்க்கும்? அதில் எத்தனை பேருக்கு ஒரு மாமா இருப்பார்? அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவளைக் காப்பாற்றத்தான் மௌனமாக இருக்கிறேனாம்! நம்புகிறீர்களா? நான் பாதி நாள் நம்புகிறேன்.

போன மாதம் அவர் மறுபடி கூப்பிட்டார்.

"சொல்லுங்க மாமா" என்றது என் வாய். நாக்கு அவருக்குப் பழகிவிட்டது.

"ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல மாப்ள," என்றார். குரல் உடைந்தது. அழுதார் என்றே நினைக்கிறேன். "காது குத்தணும்ல? எங்கக்கா மகன்தான தாய்மாமன். அவன் மடியில ஒக்கார வெச்சுத்தான குத்தணும்? அவன் துடிச்சுக்கிட்டு இருக்கான் மாப்ள."

ஒருவேளை உண்மையான அழுகையோ? அக்கா மகளைத் தூக்கி வளர்த்த மனுஷனுக்குப் பாசம் இருக்காதா? வளையலை நொறுக்கியது அவர் இல்லையோ, அந்த அண்ணன்தானோ? பார்த்தீர்களா... இப்போதும் நான் அவரைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்! இப்போதும் எனக்குள் ஒருவன் அவருக்கு நல்ல சான்று தேடுகிறான்!

"எனக்குத் தெரியாது மாமா."

"தெரிஞ்சாச் சொல்லுவீகள்ல?"

மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், தெரியும் என்று ஆகிவிடும். வேறு என்ன சொல்வது?

"ம்" என்றேன்.

அந்த 'ம்' என் வாயிலிருந்து வந்ததுதான்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த ஊருக்கு பஸ் இருக்கிறது. அங்கிருந்து எத்தனையோ ஊருக்குப் போகிறது. இதைச் சொல்வதால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்துவிடாது... தெரியாதுதானே? போன வாரம் ஒரு வேலையாக மாட்டுத்தாவணிக்குப் போனேன். பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. எனக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் அந்த ஊரின் பெயரை இழுத்து இழுத்துக் கூவினார். முதுகில் யாரோ அடித்ததுபோலத் திடுக்கிட்டுத் திரும்பினேன்.

எதிரில் மகேஸ் அக்கா நின்றார். கையில் பூப்போட்ட பை. ஆம்னி பஸ் ஆபீஸில் இருக்கிறாராம் இப்போது. மெலிந்திருந்தார்.

"என்ன தகவல் தம்பி, ஆளையே காணோம்? அட்டையக்கூடக் காணோம் கழுத்துல!"

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

"இருக்கேன், இருக்கேன்." பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்த ஊருக்கா போறீக?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் தம்பி அந்தப் பேரக் கேட்டதும் இப்புடிப் பதறித் திரும்புனீக?"

கண்டக்டர் மறுபடியும் கூவினார். சீட்டு எழுதாமலே, வாய் திறக்காமலே, அந்த ஊரை நான் சொல்லிவிட்டேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.